முகம் காட்டாத பக்கத்துக்கு டிபி எப்படி வைப்பது?

மல்லிச்சரம்:
வணக்கம். விருகம்பாக்கத்தில் ஒரு வாடகைப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன், வயது 29. பெரியவர்களுக்கான கட்டணப் பக்கம் ஒன்று நடத்துகிறேன். புடவை, உள்ளாடை, நீச்சல் உடைப் படங்கள்தான், அதைத் தாண்டி எதுவும் கிடையாது. முகம் எதிலும் வராது. இப்போதைய டிபி மொட்டை மாடியில் சாயங்காலம் எடுத்தது. முதுகு காட்டி நிற்கிறேன், முழு உருவம். பெரிதாக்கிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்ஸ்டாவிலிருந்து வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முகம் காட்டினால்தான் சந்தா கட்டுவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனமில்லை. அம்மாவும் தங்கையும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். முகம் இல்லாமல் டிபி எடுபடுமா?

கடற்கரைக்காரி:
எடுபடும் மா. நானும் முகம் காட்டாமல்தான் பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முகம் இல்லாதது உன் படத்தின் குறையே இல்லை, முழு உருவம் வைத்ததுதான் குறை. கைபேசியில் டிபி சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் தெரியும். அதற்குள் தலை முதல் கால் வரை அடைத்தால் என்ன தெரியும்? ஒரு பகுதியை மட்டும் எடு. உதட்டிலிருந்து தோள் வரை, இல்லையென்றால் திரும்பிய கழுத்தும் கொண்டையும். உன் பெயரே மல்லிச்சரம். கறுப்புக் கொண்டையில் ஒரு முழம் மல்லி வைத்து எடு, எவ்வளவு சின்னதாகப் போனாலும் அந்த வெள்ளை தனியாகத் தெரியும். எடுத்ததும் கேலரியில் சின்னப் படமாக வைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார். பார்த்ததும் புரியவில்லை என்றால் அந்தப் படம் வேண்டாம்.

டிபி காசு கட்டாதவர்களும் பார்க்கிற படம். உள்ளே இருப்பதை வாசலிலேயே காட்டாதே. இன்ஸ்டாவில் கொஞ்சம் எல்லை தாண்டினாலும் கணக்கையே தூக்கிவிடுவார்கள்.

அப்புறம், அந்த மாடிப் படத்தை இன்றைக்கே நீக்கிவிடு. பின்னால் தண்ணீர்த் தொட்டியோ தூரத்தில் வடபழனிக் கோபுரமோ தெரிந்தால், அந்தப் பக்கம் குடியிருப்பவனுக்கு எந்தத் தெரு மாடி என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. வீட்டு விசேஷத்துக்குக் கட்டிய புடவை, அம்மா கொடுத்த வளையல், பச்சை குத்தியது எதுவும் வரக்கூடாது. சொந்தக்காரர்கள் நகையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். சொந்தப் பெயரில் பொதுவில் போட்ட பழைய படத்தை வெட்டியும் வைக்காதே. கூகுள் லென்ஸ் இரண்டையும் சேர்த்துக் காட்டிவிடும். டிபிக்கென்றே புதிதாக எடு.

சாலிகிராமம் ஸ்டுடியோ:
அவர் சொன்ன கொண்டை யோசனை ரொம்ப நன்றாக இருக்கிறது மேடம். நான் படம் எடுப்பவன், அதனால் வெளிச்சம் பற்றிச் சொல்கிறேன். தலைக்கு மேலே இருக்கும் டியூப்லைட் வேண்டாம், மோவாய்க்குக் கீழே நிழல் அடிக்கும். வெயில் நேராக விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகிவிடும். பின்னால் கறுப்புத் துணி கூடாது, கொண்டை அதில் கரைந்துவிடும். நம் நிறத்துக்கு மஞ்சள் சுவரோ கரும்பச்சைத் துணியோ எடுப்பாக இருக்கும். ஃபில்டர் போட்டு நிறத்தை வெளுக்காதீர்கள், தயவுசெய்து. சதுரப் படத்தை வட்டமாக வெட்டும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் சுற்றிலும் இடம் விட்டே எடுங்கள். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்து வையுங்கள். இல்லையென்றால், வாட்ஸப்பில் டாகுமெண்ட்டாக யாருக்காவது அனுப்பும்போது, எடுத்த இடமும் படத்தோடு சேர்ந்து போகும்.

பாரிமுனை:
சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவில், ஆபாசம் என்று கருதப்படுவதை இணையத்தில் வெளியிட்டால் முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிப்படையான பாலியல் செயல் என்றால் 67ஏ பிரிவு: 5 ஆண்டு, 10 லட்சம். தளம் வெளிநாட்டில் இருக்கிறது, அவர்கள் விதி அனுமதிக்கிறது என்பதெல்லாம் இங்கே காப்பாற்றாது. டிபி மட்டுமல்ல, உள்ளே போடும் படங்களையும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போடுவதே நல்லது. உங்கள் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அந்தரங்கப் படம் பரவும் என்று பயம் இருந்தால், அதைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) தளம் இருக்கிறது. படம் உங்கள் கைபேசியை விட்டுப் போகாது, அதிலிருந்து உருவாக்கும் எண்குறியீடு மட்டும்தான் போகும்.

மல்லிச்சரம்:
எல்லோருக்கும் நன்றி. மாடிப் படத்தை நீக்கிவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தபோது ஓரத்தில் பக்கத்து வீட்டுப் பெயர்ப்பலகை பாதி தெரிந்தது. சமையலறை ஜன்னலில் வெயில் விழாது, நாளை காலை அங்கே எடுக்கிறேன். அக்கா, இன்ஸ்டாவிலும் கட்டணப் பக்கத்திலும் ஒரே டிபி வைக்கலாமா?

கடற்கரைக்காரி:
ஒரே படம்தான் வைக்கணும். அடிக்கடி மாற்றவும் செய்யாதே. சந்தா கட்டியவர்கள் பெயரைப் படிப்பதை விட அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள், போலிக் கணக்கு வந்தாலும் அவர்களே உனக்குச் சொல்வார்கள். ஆனால் அந்த இன்ஸ்டா கணக்கில் உன் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தால் முதலில் அதை நீக்கு, தனி மின்னஞ்சல் போடு, கைபேசியில் இருக்கும் எண்களை இன்ஸ்டாவுக்கு அனுப்பும் காண்டாக்ட் சிங்க்கை அணை. இல்லையென்றால் ‘உனக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று தங்கையின் கைபேசியிலேயே உன் டிபி போய் நிற்கும்.