12 வோல்ட் கொடுத்தால் கூட்டுத்தொகை 16.8 வருகிறது, ஏன்?

கேள்வி (டிப்ளமோ இ.இ.இ., இரண்டாமாண்டு)
12 வோல்ட் ஏசி தரும் சின்ன டிரான்ஸ்பார்மரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும், ‘2.5 எம்எஃப்டி, 440 வோல்ட்’ (எம்எஃப்டி என்றால் மைக்ரோஃபாரட்) என்று அச்சிட்ட ஃபேன் கண்டென்சரையும் சீரிஸில் இணைத்தேன். மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து அளந்தால் ரெசிஸ்டரில் 7.4, கண்டென்சரில் 9.4. கூட்டினால் 16.8! சப்ளையோ 12தான். சீரிஸில் உள்ள வோல்டேஜ்களைக் கூட்டினால் சப்ளை வர வேண்டும் என்ற கிர்ச்சாஃப் விதி என்ன ஆயிற்று? டிசியில் இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பார்த்தபோது கணக்கு ஒத்துவந்தது. வேறு மீட்டரிலும் இதே அளவுதான்.

பதில் 1
12 என்பது ஆர்எம்எஸ், அதாவது ஏசியின் பயனுறு மதிப்பு. அதை 1.414ஆல் பெருக்கினால் உச்சம், ஏறக்குறைய 17. உங்களுக்கு வந்திருப்பது அதுதான்.

பதில் 2 (லேப் டெக்னீஷியன்)
இல்லை சார், 17க்குப் பக்கத்தில் வந்தது தற்செயல். மீட்டர் காட்டிய இரண்டுமே ஆர்எம்எஸ்தான். தம்பி, 1 கிலோ ஓமைக் கழற்றிவிட்டு 100 ஓம் போட்டுப் பாருங்கள். அது உச்ச மதிப்பாக இருந்தால் கூட்டுத்தொகை 17ஐ விட்டு நகராது.

விஷயம் இதுதான். சீரிஸில் கரண்ட் ஒன்றே. ரெசிஸ்டரின் வோல்டேஜ் அந்தக் கரண்டோடு சேர்ந்தே ஏறி இறங்கும். கண்டென்சரில் அப்படி இல்லை. அதன் வோல்டேஜ் வேகமாக மாறும்போதுதான் கரண்ட் அதிகம், அதாவது வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தில். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். கண்டென்சர் வோல்டேஜ் அதில் கால் பங்கு, 5 மில்லிசெகண்ட் பின்தங்கி உச்சத்துக்கு வரும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதே இல்லை. எந்த ஒரு கணத்தை எடுத்தாலும் கிர்ச்சாஃப் விதி சரியாகவே இருக்கும். மீட்டருக்குத்தான் கணங்கள் தெரியாது.

அதனால் செங்கோண முக்கோணமாகக் கூட்ட வேண்டும். 7.4இன் வர்க்கமும் 9.4இன் வர்க்கமும் சேர்ந்தால் 143, வர்க்கமூலம் 11.96. உங்கள் அளவுகள் அருமையாக வந்திருக்கின்றன.

கேட்டவர்
100 ஓம் போட்டேன் அண்ணா. 0.94, 11.9. கூட்டுத்தொகை 12.8தான்! அப்போது கண்டென்சரின் ‘தடை’ எவ்வளவு? பவரை வோல்ட் × ஆம்பியர் என்று போடலாமா?

பதில் 2
1/(2πfC) போட்டால் (f 50 ஹெர்ட்ஸ், C 2.5 மைக்ரோஃபாரட்) சுமார் 1273 ஓம். பழைய இணைப்பில் கரண்ட் 7.4 மில்லிஆம்பியர். அதை 12ஆல் பெருக்கினால் 89 மில்லி விஏ (வோல்ட்-ஆம்பியர்). அது வாட் கிடையாது. கண்டென்சர் வாங்கியதை ஒவ்வொரு சுற்றிலும் திருப்பித் தந்துவிடும். உண்மையில் செலவாவது ரெசிஸ்டரில் மட்டும், 55 மில்லிவாட். 55ஐ 89ஆல் வகுத்தால் 0.62, இதுதான் பவர் ஃபாக்டர். சீலிங் ஃபேனில் இதே கண்டென்சர்தான் துணைச் சுருளின் கரண்டை முன்தள்ளி மோட்டாரைச் சுழல வைக்கிறது.

இந்தச் சோதனையை 230 வோல்ட்டில் மட்டும் செய்து பார்க்காதீர்கள். கழற்றிய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும்.