மூடுபனியில் ஓட எந்த எம்பி3 ப்ளேயர்?

நுவரெலியாவில் இருக்கிறேன். விடியற்காலையில் கிரகரி வாவியோரம் ஓடும்போது பாட்டுக் கேட்க உருப்படியான சிறிய ப்ளேயர் கிடைக்கவில்லை. கையில் இருப்பது கடந்த ஆண்டு வாங்கிய, அதிகம் பெயர் கேள்விப்படாத 8 ஜிபி கிளிப் ப்ளேயர். மார்கழிக் குளிர் தொடங்கியதிலிருந்து, பட்டரி பாதி காட்டும்போதே அணைந்துவிடுகிறது. வீட்டுக்குள் வந்து சூடேறியதும் ஒன்றும் நடக்காததுபோல் பாடுகிறது. தூறல் பட்டால் பொத்தான்கள் தாமாகவே பாட்டை மாற்றுகின்றன.

பட்டரியை மாற்றினேன். மெமரியை அழித்துப் பாடல்களை மீண்டும் ஏற்றினேன். ஜாக்கெட்டுக்குள் வைத்தேன்: உள்ளே வியர்வை, வெளியே பனி, இரண்டும் ஈரம்தான். கைத்தொலைபேசி மேட்டில் ஏறும்போது பைக்குள் குதிக்கிறது. ஆப்பிளின் குட்டி ப்ளேயரான ஐபாட் ஷஃபிள் 12.5 கிராம்தான், ஆனால் 2017இலேயே நிறுத்திவிட்டார்கள். பழையதை வாங்கினால் மறுபடியும் பட்டரிப் பிரச்சினை.

மனதில் இருப்பவை இரண்டு. சான்டிஸ்க் கிளிப் ஸ்போர்ட் பிளஸ், ஐபிஎக்ஸ்5 நீர்த்தடுப்பு (பீய்ச்சும் நீரைத் தாங்கும் தரம்) உள்ளது. சோனி என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 நீந்தும்போதும் பாடும், வெளிச்சத்தமும் கேட்கவிடும். வளைவில் திடீரென்று முளைக்கும் பஸ்களுக்கு அது அவசியம். ஆனால் சோனியின் நினைவகம் 4 ஜிபிதான்.

மலைக் குளிரில் இவற்றைப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: எதை வாங்கலாம்?