ராத்திரியானால் ரிக்கார்டு ஏன் இழுக்கிறது?

கீழக்கரையிலிருந்து:

சித்திரை மாத இரவுகளில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும். அந்த நேரத்தில் வாப்பாவின் பழைய டர்ன்டேபிளில் நாகூர் ஹனீபாவின் எல்பி ரிக்கார்டைப் போட்டால், அந்தக் கணீர்க் குரல் சோர்ந்து ஒலிக்கும். தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் சக்கரத்தை மாற்றினேன், மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். பலனில்லை. ஆனால் சுபுஹு தொழுதுவிட்டு வந்து போட்டால் அதே ரிக்கார்டு சரியாகப் பாடுகிறது!

அப்புறம்தான் எண்ணிப் பார்க்கத் தோன்றியது. தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டினேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மூன்று நிமிடத்தில் சரியாக 100 வர வேண்டும். காலையில் 100 வந்தது. பிளக்கில் 228 வோல்ட். இரவு எட்டரைக்கு 178 வோல்ட், 97 சுற்று. நூற்றுக்கு மூன்றுதானே என்று விட முடியாது, சுருதியில் அது கால் கட்டை இறக்கம். கூடவே ஆர்மோனியம் வாசித்தால் ஒட்டவே ஒட்டாது.

என்னுடையது இண்டக்‌ஷன் மோட்டார். உள்ளே காந்தப்புலம் சுற்றும் வேகத்துக்குச் சற்றுப் பின்தங்கியேதான் இது சுற்றும். முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 228, 178 ஆகிவிட்டால் ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சும். பாரம் அதேதான், அதனால் இன்னும் பின்தங்குகிறது.

பாம்பனிலிருந்து:

பாய், என்னிடம் இருப்பது பெல்ட் போட்டது, சிங்க்ரனஸ் மோட்டார். அது கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அலைவைப் பிடித்துக்கொண்டு சுற்றும். 180 ஆனாலும் 240 ஆனாலும் வேகம் ஒன்றுதான். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால்தான் பாட்டு ஏறி இறங்கும்.

ஆனால் வோல்டேஜ் இதையும் விடவில்லை. நள்ளிரவுக்கு மேல் 250 வந்துவிடும், மோட்டார் அதிரும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் அந்த வெற்றுக் கோட்டில் ‘ம்ம்ம்’ என்று ஊசி வழியே கேட்கும். மோட்டாருக்கு மட்டும் ஒரு வேரியாக், அதாவது வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, வைத்தேன். முழு வோல்டேஜில் கிளப்பிவிட்டு மெல்ல 190க்கு இறக்கியதும் இரைச்சல் அடங்கியது. வீணைத் தந்தியின் அதிர்வு ஓய்கிற கடைசி நொடிவரை கேட்டேன், கண் கலங்கிவிட்டது. ரொம்ப இறக்கினால் மோட்டார் பிடி விட்டு நின்றுவிடும், கவனம். மோட்டாரின் பழைய கண்டென்சரையும் மாற்றிவிட்டேன். அது கெட்டால் மோட்டாரின் இரண்டு கம்பிச் சுருளும் ஒத்துப்போகாது, அதிர்வு கூடும்.

தொண்டியிலிருந்து:

எனக்கு 12 வோல்ட் டிசி மோட்டார். வேகத்தை உள்ளேயுள்ள சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். அப்படியும் தடுமாறியது. அடாப்டர் பின்னில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்ததும் சரி.

கீழக்கரையிலிருந்து:

டர்ன்டேபிளுக்கென்று தனியாக ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினேன். அதன் உள்ளேயுள்ள ரிலே சுவிட்ச் மாறும்போது ஸ்பீக்கரில் ‘டக்’ என்கிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்று இரவு எட்டரைக்கு எண்ணினேன். மூன்று நிமிடம் முடிந்தபோது நூறாவது சுற்றுக்கு அரைச் சுற்றுதான் பாக்கி.