குந்திரிக்கம் கொடுத்த எலி நடந்ததாம். கொடுக்காத எலி?

மணிக்கட்டு:
சர்க்கரை நோய் பற்றிய விவாதத்தில் ‘மரப்பிசின்’ எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “தொடை வழியே பாதத்துக்குப் போகும் சியாட்டிக் நரம்பை நசுக்கிய எலிகளுக்குக் குந்திரிக்கப் பிசினின் சாறு கொடுத்தார்கள், எழுந்து நடந்தன. செத்த நரம்புக்கு மருந்து கிடைத்துவிட்டது” என்கிறார். கொடுக்காத எலியும் நடக்கும் ஐயா! கிடுக்கியால் நசுக்கினால் உள்ளிழைதான் அறும், மேலுறை அப்படியே இருக்கும். அந்த உறைக்குள்ளேயே இழை மறுபடி வளர்ந்து, மூன்று நான்கு வாரத்தில் எலி தானாகத் தேறிவிடும்.

மரப்பிசின்:
முழுசாப் படிச்சுட்டுப் பேசுங்க. மருந்து குடிச்ச எலி சீக்கிரம் தேறுச்சுன்னுதான் சொன்னேன். குந்திரிக்கத்துல இருக்கிற போஸ்வெல்லிக் அமிலம், வீக்கத்தைத் தூண்டுற 5-லிப்பாக்சிஜனேஸ் நொதியைத் தடுக்கும், வீக்கம் வடியும். 2011-ல ஜெர்மனியில மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு எடுத்த 44 பேர்கிட்ட சோதிச்சாங்க. பிசின் எடுத்தவங்களுக்கு மூளை வீக்கம் நல்லாவே குறைஞ்சது. அவங்க எலி இல்ல, மனுஷங்க.

மணிக்கட்டு:
வீக்கம் வடிவது வேறு, நரம்பு வளர்வது வேறு. எலி “நடந்தது” என்பதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? பாதத்தில் மை தடவி, குறுகலான பாதையில் வெள்ளைத்தாள் விரித்து ஓடவிடுவார்கள். விரல்கள் எவ்வளவு விரிந்து பதிகின்றன என்று நல்ல காலோடு ஒப்பிட்டு, 0 என்றால் சரி, -100 என்றால் முழு முடக்கம். நசுக்கிய காலில் விரல்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகப் பதியும். மருந்து கொடுக்காத எலிக்கும் அந்தக் கோடு மெல்ல விரியும். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

எனக்குக் கண்ணாடி கிழித்து முழங்கைக்குக் கீழே நரம்பு முழுசாக அறுந்தது. தைத்த பிறகு தினமும் கையைத் தட்டிப் பார்ப்பேன். நரம்பு வளர்ந்து எட்டிய நுனியில் தட்டினால் சுரீரென்னும், அங்கே பேனாவால் புள்ளி வைப்பேன். புள்ளி மாதம் ஓர் அங்குலம் நகர்ந்தது, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். எந்தப் பிசினும் குடிக்கவில்லை. குடித்திருந்தால் பிசின்தான் வளர்த்தது என்றிருப்பேன்.

சாம்பல்:
முதல்ல நீங்க பேசுறது குந்திரிக்கமா குங்கிலியமா? குங்கிலியம் வேற மரம், சால மரத்துப் பிசின்.

மரப்பிசின்:
குந்திரிக்கம்தான் சார். தலைப்புலயே இருக்கு. மணிக்கட்டு மேடம், குக்கில்ங்கிற இன்னொரு பிசின் பத்தின விவாதத்துலயும் இப்படித்தான் என்னை மடக்கப் பார்த்தாங்க.

மணிக்கட்டு:
மடக்கவில்லை. 2003-ல் வந்த சோதனையில் குக்கில் எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறையவில்லை, கூடியது. அன்றைக்கு “அமெரிக்காக்காரன் சதி” என்றீர்கள். இன்றைக்கு ஜெர்மனிக்காரன் மட்டும் நல்லவனா?

ராத்திரி ஷிப்ட்:
அண்ணே, அக்கா, ஒரு சந்தேகம். அப்பாவுக்குச் சர்க்கரை, ரெண்டு பாதமும் மரத்துப்போச்சு. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம தெருமுனை வரைக்கும் நடந்து போயிட்டார். குந்திரிக்கம் கொடுக்கலாமா?

மரப்பிசின்:
தாராளமா. கொழுப்பான சாப்பாட்டோட கொடுங்க, இல்லேன்னா உடம்புல சேராது.

மணிக்கட்டு:
கொடுக்காதீர்கள்! நசுக்கிய நரம்புக்கு அடி ஒரே நாளில் முடிந்தது. சர்க்கரையில் அடி தினமும் விழுகிறது. தினமும் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். எலியின் தொடையிலிருந்து பாதம் சில அங்குலம். மனிதனுக்குத் தொடையிலிருந்து பாதம் வரை என்றால் இரண்டு வருட வளர்ச்சி, அதற்குள் தசை வற்றிவிடும். எலி நடந்ததை வைத்து இவருடைய அப்பாவுக்கு மருந்து எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

மரப்பிசின்:
உங்க கையை வெச்சு நீங்க தீர்ப்பு எழுதலாம், நான் ஆய்வை வெச்சு எழுதக்கூடாதா? எலி நடந்தது நடந்ததுதான்.

மணிக்கட்டு:
கொடுக்காததும் நடந்தது.

சாம்பல்:
சித்த மருந்துக் கடையில குங்கிலியம்னு கேட்டா ரெண்டையும்தான் எடுத்துக் கொடுக்கிறாங்க. அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

ராத்திரி ஷிப்ட்:
கொழுப்பான சாப்பாடு சர்க்கரைக்கு ஆகாதே அண்ணே?