மூரிங்: நங்கூரம் வேறு, நிலைக்கட்டு வேறு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கலிபோர்னியாவின் தென்கரைக்கு அப்பால் உள்ள சாண்டா கேட்டலினாத் தீவில், பாய்மரப் படகைக் கட்டிவைத்துப் பலத்த காற்றைத் தாக்குப்பிடிப்பது பற்றிய குறிப்பொன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் வரும் "மூரிங்" (mooring, படகைக் கட்டிவைக்கக் கடலடியில் நிலையாக அமைத்த எடையும் கயிறும்) என்னும் சொல்லுக்கு என்ன இடலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். "நங்கூரமிடுதல்" என்றே எழுதிவிடலாம் என இருவர் பரிந்துரைத்தீர்கள். அப்பரிந்துரையை ஏற்க இயலாததற்குச் சொல்லழகு காரணமன்று. அப்படி எழுதினால் அறிவுரையே பிழையாகிவிடும் என்பதே காரணம்.

நங்கூரம் படகோடு வருவது. மூரிங் கடலடியில் ஏற்கெனவே கிடப்பது. நங்கூரமிட்டவர், காற்று வலுக்கும்போது நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு விட்டிருந்த கயிற்றை ஏழு மடங்காக நீட்டலாம். நங்கூரம் தரையில் இழுபட்டால் அதைத் தூக்கி வேறிடத்தில் மறுபடி இடலாம். மூரிங்கில் கட்டியவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அடியில் கிடக்கும் எடையும், சங்கிலியின் பருமனும், கயிற்றின் நீளமும் அவர் வந்து சேர்வதற்கு முன்பே வேறொருவரால் முடிவு செய்யப்பட்டவை. "காற்று வலுத்தால் நங்கூரக் கயிற்றை நீட்டுக" என்ற வரியைப் படித்துவிட்டு அவர் எதை நீட்டுவார்?

கேட்டலினாவின் ஏற்பாட்டைச் சொன்னால் வேறுபாடு இன்னும் விளங்கும். அங்கே படகின் முன்புறத்துக்கு ஓர் எடை, பின்புறத்துக்கு ஓர் எடை என இரண்டு கடலடியில் கிடக்கின்றன. நீரில் நிமிர்ந்து நிற்கும் கழியைப் பிடித்துத் தூக்கினால் முன்புறத்துப் பருங்கயிற்றின் கண்ணி கைக்கு வரும். அதை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மாட்டிவிட்டு, அதோடு இணைந்த மெல்லிய கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துப் பின்னோக்கி நடந்தால் பின்புறத்துக் கயிறு கிட்டும். இரு முனையும் கட்டப்படுவதால் படகு சுழலாது. ஆகவே சிறிய குடாவில் நெருக்கமாகப் பல படகுகளை நிறுத்த முடிகிறது. ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் படகோ காற்று மாறும்போது தானே திரும்பி அதற்கு முகம் கொடுக்கும். இரு முனையும் கட்டுண்ட படகுக்கு அது இயலாது. காற்று குறுக்கே வந்தால் அதன் முழுப் பக்கமும் அடி வாங்கும்.

பட்டினப்பாலை, துறையில் அசையும் நாவாய்களை "வெளில் இளக்கும் களிறு போல" என்கிறது. வெளில் என்பது யானை கட்டும் தறி. கடலடியில் ஊன்றிய ஒன்றில் கட்டுண்டு, அதையே அசைத்துக்கொண்டு நிற்கும் கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் எனக்குத் தெரியவில்லை. வெளில் வழக்கொழிந்துவிட்டது, தறி உயிரோடு இருக்கிறது. எனவே "நீர்த்தறி" என்று முன்மொழிகிறேன்.

—

மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

நங்கூரமும் மூரிங்கும் வேறு என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நான் நெசவாளர் வீட்டில் பிறந்தவள்; கைத்தறி, விசைத்தறி என்ற வரிசையில் "நீர்த்தறி" என்று படித்தவுடன், நீரைப் பீய்ச்சி ஊடைநூலைச் செலுத்தும் தறிதான் என் கண்முன் வந்தது. அப்படி ஒரு தறி உண்மையிலேயே ஆலைகளில் இருக்கிறது. கொங்கு நாட்டில் இச்சொல்லைப் படகோடு சேர்த்துப் புரிந்துகொள்ள எவரும் இருக்கமாட்டார்.

"பிணைமிதவை" என்று மற்றொருவர் எழுதியிருந்தார். இன்றைய செய்தித்தாள் தமிழில் பிணை என்றால் ஜாமீன்தான். மேலும் மிதவை என்பது கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. தாங்குவது அடியில் கிடப்பதல்லவா?

திருவிழா முடிந்து தேர் வந்து நிற்கும் இடத்தை நிலை என்கிறோம்; "தேர் நிலைக்கு வந்துவிட்டது" என்பது இன்றும் ஊரில் எல்லார் வாயிலும் வரும் தொடர். அதற்கென முன்பே அமைந்த இடம், ஒவ்வொரு முறையும் வந்து சேரும் இடம் என்ற இரண்டு பொருளும் அதில் உள்ளன. "நிலைக்கட்டு" என்று வைத்துக்கொள்ளலாமா? தேரை இழுக்கும் பருங்கயிற்றுக்கு நம்மிடம் "வடம்" இருக்கிறது. தாங்கள் பருங்கயிறு என்று எழுதியதை முன்வடம், பின்வடம் எனப் பிரித்தால் சுருக்கமாக இருக்கும்.

—

மறுமொழி

அன்புள்ள அம்மையீர்,

நீர்த்தறியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வருத்தம் சிறிது உண்டு. எனினும் விளக்கக் குறிப்பு தேவைப்படும் படிமத்தைவிட, கேட்டவுடன் புரியும் சொல் மேல். நிலைக்கட்டு எனக்கு உடன்பாடு. நிலைக்கட்டுகள் வரிசையாக அமைந்த நீர்ப்பரப்பைக் "கட்டுத்துறை" எனலாம். "கட்டறுந்தது" என்ற வினையும் இதிலிருந்தே இயல்பாகக் கிடைக்கிறது. 2014 டிசம்பர் 30 அன்று தீவின் அவலான் துறைமுகத்தில் நடந்ததைச் சொல்ல அந்த வினை வேண்டும்: வடகிழக்குக் காற்றிலும் அலையிலும் படகுகள் கட்டறுந்து கரையில் மோதின, இருவர் உயிரிழந்தனர்.

வழக்கமாக மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குத் தீவே மதிலாக நிற்பதால், நிலப்பகுதியை நோக்கிய அவலானும் இஸ்த்மஸ் குடாவும் அமைதியாக இருக்கும். உள்நாட்டு உயர்நிலங்களின் மேல் காற்றழுத்தம் மிகும் நாள்களில் மலைக்கணவாய்கள் வழியே இறங்கிவரும் சாண்டா ஆனா என்னும் வறண்ட காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், அதே இடங்கள் நேரெதிராக அகப்பட்டுக்கொள்கின்றன. படகுக்குப் பின்னால் கரை. காற்று தள்ளுவதும் அந்தக் கரையை நோக்கியே. ஆகவே "தாக்குப்பிடித்தல்" என்ற சொல்லுக்கு மாற்றாகப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை என்றாலும், அது எப்போதும் துணிச்சலான தேர்வு என்ற தொனி வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னறிவிப்பு வந்த உடனே நிலைக்கட்டை விட்டுத் தீவைச் சுற்றி, தென்மேற்கு நோக்கித் திறக்கும் கேட்டலினாத் துறைமுகத்துக்குப் போய்விடுவதே பெரும்பாலும் அறிவுடைமை. அதற்கு மீனவரிடம் உள்ள "ஒதுங்குதல்" என்ற சொல்லே போதும்.

எஞ்சியது, வடம் படகின் விளிம்பில் உரசி உரசி அறுவதைக் குறிக்கும் சொல். "உராய்வு" இயற்பியல் பாடத்துக்குப் போய்விட்டது. "வடத்தேய்வு" என்றும், அதைத் தடுக்கச் சுற்றப்படும் ரப்பர்க் குழாய்க்கோ தடித்த துணிக்கோ "தேய்காப்பு" என்றும் இடுகிறேன். பெரும்பாலான படகுகளை இழக்கச் செய்வது எடை நகர்வதன்று, இந்தத் தேய்வுதான் என்பது என் எண்ணம். அதனால் இச்சொல் தனித்து நிற்க வேண்டும்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

"காற்றின் வேகம் மணிக்கு 20 கடல்மைலிலிருந்து 40 கடல்மைலாக இரட்டித்தால், படகின் மேல் அதன் விசை நான்கு மடங்காகும். எனவே சுருட்டிய முன்பாயையும் கழற்றிக் கீழே வையுங்கள். காற்று அதன் ஓரத்தைப் பிரித்துவிட்டால் நிலைக்கட்டு தாங்காது. முன்வடத்துக்குத் தேய்காப்பைச் சுற்றி, அது நழுவாதபடி தனிக் கயிற்றால் கட்டுங்கள். இரவில் மணிக்கொரு முறை வடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒதுங்குவதானால் காற்று வருமுன் ஒதுங்குங்கள்; வந்தபின் நெருக்கமான கட்டுத்துறையில் பின்வடத்தை அவிழ்த்தால், அடுத்த படகின் மேல்தான் போய் விழுவீர்கள்."

கடைசி வாக்கியத்தில் "அவிழ்த்தால்" சரியா, "கழற்றினால்" சரியா என்பதை மட்டும் தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணியை முளையிலிருந்து எடுப்பதுதான் அங்கே நடப்பது; முடிச்சு ஏதும் இல்லை.