பாசி எடுக்கும் பெண்ணின் விரலில் ஆறாத புண், முன்கை வரை கட்டிகள்: டிபி இல்லை என்று விடலாமா?

கேள்வி

பாம்பன் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி (ஒரு கடல்பாசி) எடுக்கப் போகும் பெண், 50 வயதைத் தாண்டியவர், சுகர் உண்டு. வலது ஆள்காட்டி விரலில் 2 மாதமாக ஆறாத புண். அங்கிருந்து முன்கை வரை மணி கோத்த மாதிரி 4 கட்டிகள். காய்ச்சல் இல்லை, வலி சொற்பம், அக்குளில் நெறி கட்டவில்லை. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 10 நாள் கொடுத்தும் கேட்கவில்லை. சீழில் ஏஎஃப்பி ஸ்மியர் (டிபி வகைக் கிருமியைச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் தேடுவது), சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) இரண்டும் நெகட்டிவ். அடுத்து என்ன?

பதில் 1 (தோல் மருத்துவம்)

முதலில் நினைக்க வேண்டியது மைக்கோபாக்டீரியம் மேரினம், டிபி கிருமிக்கு உறவான, தண்ணீரில் வாழும் கிருமி. 1926இல் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த கடல்மீன்களில் கண்டுபிடிக்கப்பட்ட கிருமி. "தண்ணீரில் வேலையா?" என்று மட்டும் கேட்டால் போதாது. பாறைக் கீறல், கெளிறு முள், நண்டு கடி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காயத்துக்கும் கட்டிக்கும் இடையே பெரும்பாலும் 2 முதல் 4 வாரம், சிலருக்கு 9 மாதம்கூட ஆகும். அதனால் காயத்தை மறந்தே போயிருப்பார்கள்.

பயாப்சியை புண்ணின் நடுவில் எடுக்காதீர்கள், அங்கே செத்த திசுதான் கிடைக்கும். ஓரத்தில், தோலடிக் கொழுப்பு வரை ஆழமாக எடுங்கள். முழு முடிச்சு ஒன்றையே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதை இரண்டாக வெட்டி, பாதி ஃபார்மலினில், பாதி நார்மல் சலைனில் நனைத்த ஸ்டெரைல் காஸில். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்: முழுத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சருக்கு (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்க) வழியே இல்லை.

பதில் 2 (நுண்ணுயிரியல்)

ஃபார்மில் "மேரினம் சந்தேகம், 30 டிகிரியிலும் வைக்கவும்" என்று எழுதாவிட்டால் லேப் வழக்கம்போல் 37இல் மட்டும்தான் வைக்கும். இந்தக் கிருமி அந்தச் சூட்டில் சரியாக வளராது. கை கால் போன்ற குளிர்ந்த இடங்களிலேயே இது தங்குவதும் அதனால்தான். ஆனால் 37ஐக் கைவிடவும் கூடாது, தோல் டிபி அதில்தான் வரும். 6 வாரம் வரை பார்க்காமல் நெகட்டிவ் எழுதாதீர்கள். வெளிச்சம் பட்டதும் காலனி மஞ்சளாக மாறினால் ஐயம் வலுக்கும்.

சிபிநாட் தேடுவது டிபி வகையை மட்டும். நெகட்டிவ் என்றால் மேரினம் இல்லை என்று ஆகாது. இந்தப் புண்ணில் கிருமி எண்ணிக்கை குறைவு, ஸ்மியரையும் நம்ப முடியாது. இன்னொரு பக்கம், இக்ரா (டிபிக்கான ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் வந்தால் டிபி என்று முடிவு கட்டாதீர்கள். அந்த டெஸ்ட் பார்க்கும் இசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்கள் மேரினத்திலும் உண்டு.

அதே திசுவில் பூஞ்சைக் கல்ச்சரும் 25 டிகிரியில் போடச் சொல்லுங்கள். ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயும் இப்படியே கட்டிகளாக வரிசை கட்டும். நோகார்டியா என்ற பாக்டீரியாவைத் தேட 1% கந்தக அமிலம் கொண்ட மாற்று ஸ்டெயின் தேவை.

கேட்டவர்

நன்றி. ரிசல்ட் வரும்வரை டிபி மருந்து நான்கையும் ஆரம்பித்துப் பார்க்கலாமா?

பதில் 1

தயவுசெய்து வேண்டாம் டாக்டர். அந்த நான்கில் ரிஃபாம்பிசினும் எதாம்பியூட்டாலும் மேரினத்தையும் ஓரளவு அடக்கும். புண் பாதி ஆறும், "டிபிதான்" என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். பைராசினமைடு இதில் வேலையே செய்யாது.

மேரினம் உறுதியானால் கிளாரித்ரோமைசின் 500 மி.கி. தினம் இருவேளை, எதாம்பியூட்டால் கிலோவுக்கு 15 மி.கி. புண் ஆறிய பிறகும் 1 அல்லது 2 மாதம் தொடர வேண்டும். மொத்தம் 3, 4 மாதம் ஆகும். இவர் கிளிபென்கிளமைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் சுகர் ஆபத்தாக இறங்கலாம். எதாம்பியூட்டாலுக்கு முன் கிரியாட்டினினும் நிறப் பார்வையும் பார்த்துவிடுங்கள்.

பதில் 3 (கை அறுவை)

விரல் முழுக்க வீங்கி, மடக்கினால் வலி என்றால் தசைநார் உறைக்குள் போயிருக்கலாம். அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுத்து உடனே அனுப்புங்கள், மாத்திரை மட்டும் போதாது. அதை டிரிக்கர் ஃபிங்கர் (மடக்கிய விரல் சிக்கிக்கொள்ளும் கோளாறு) என்று நினைத்து ஸ்டீராய்டு ஊசி போட்டால் உள்ளே பரவிவிடும்.

இன்னொன்று: காயம்பட்டு சில மணி நேரத்திலேயே கை வீங்கி, கருநீலக் கொப்புளம், கடும் வலி, அதுவும் ஈரல் நோயாளி என்றால் அது விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல்நீர் பாக்டீரியாவாக இருக்கலாம். கல்ச்சருக்காகக் காத்திருக்க நேரமில்லை. ரத்தம் எடுத்த கையோடு செஃப்ட்ரையாக்ஸோன், டாக்ஸிசைக்ளின் போட்டு அறுவை வசதி உள்ள இடத்துக்கு ஏற்றிவிடுங்கள்.