மதுரை வீடு குழு: குர்கான்ல நாலுல ஒரு வீடு காலியா?

சேகர்: (பார்வர்ட்) காலி வீடுகள் பட்டியல்: குர்கான் முதலிடம்! நாலுல ஒரு வீடு பூட்டிக் கிடக்கு!!

சேகர்: கார்த்தி, இதைப் படிச்சியாப்பா? டெல்லி பக்கத்துல நீ இருக்கிற குர்கான்ல பார்த்து வச்ச பிளாட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்திராத. ஆள் வராத ஊர்ல வீடு வாங்கி என்ன செய்யப் போற?

கார்த்தி: அப்பா, கணக்கு எந்த வருஷத்துதுன்னு போட்டிருக்கா?

சேகர்: 2018 பொருளாதார ஆய்வறிக்கைன்னு இருக்கு. கவர்ன்மென்ட் அறிக்கைப்பா.

கார்த்தி: அறிக்கை 2018தான். உள்ள இருக்கிற எண்ணிக்கை 2011 சென்சஸோடது. வீட்டுப் பட்டியல் எடுத்தது அதுக்கும் முன்னாடி, 2010-ல. இங்க குர்கான்ல, அப்ப ஹூடா சிட்டி சென்டர்னு பேர் இருந்த ஸ்டேஷனுக்கு மெட்ரோ வந்ததே 2010 ஜூன்லதான். அப்ப இருந்த ஊரை வச்சு இப்ப தலைப்பு போடுறாங்க.

கார்த்தி: இன்னொண்ணு. அதே அறிக்கையில காலி வீடு அதிகம் மும்பைலதான், 4.8 லட்சம். அடுத்து டெல்லியும் பெங்களூரும், தலா 3 லட்சம். மொத்த வீட்டுல எத்தனை சதவீதம்னு பார்த்தா மட்டும் 26 சதவீதத்தோட குர்கான் முதல்ல வருது. அடுத்த வாரமே இன்னொருத்தர் ‘மும்பை முதலிடம்’னு போடலாம். அதுவும் பொய்யில்ல.

மல்லிகா: அத்தான், அந்தக் கணக்கு நானே எடுத்திருக்கேன். வாத்தியார்களுக்குத்தான டூட்டி போடுவாங்க. 2010-ல வில்லாபுரத்துல வீடு வீடா ஏறி இறங்கினேன்.

மல்லிகா: மேல கூரை போட்டாச்சுன்னா அது கட்டடம். பூச்சு இல்ல, கதவு இல்ல, கரண்ட் இல்லன்னாலும் நம்பர் போட்டுரணும். யாரும் குடியில்லையா, காலின்னு எழுதிரணும். புதுசா கட்டிக்கிட்டே இருக்கிற ஊர்ல அந்த எண்ணிக்கை ஏறத்தான செய்யும்? குர்கான் அப்ப அப்படித்தான் வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு.

உஷா: மதினி, ஊருக்குப் போனவங்க வீடு?

மல்லிகா: அது காலி இல்ல உஷா, பூட்டியிருக்கிற வீடுன்னு தனியா எழுதணும். பக்கத்துல விசாரிக்கணும், திரும்பவும் போய்ப் பார்க்கணும். நம்ம தெருவுல எதிர்வீட்டு அக்கா ‘மக பிரசவத்துக்குப் போயிருக்காங்க, ஆடி கழிச்சு வருவாங்க’ன்னு சொல்லிரும். பதினெட்டாவது மாடியில யாரு சொல்லுவா? அந்தக் கணக்கு ஃபாரத்துல நான் அதிகமா யோசிச்சது இந்த ஒரு கட்டத்தை நிரப்பத்தான்.

ப்ரியா: மாமா, இங்க அமெரிக்காவுல டாம்பாலயும் இதே கதை. புளோரிடா ஊர்களை அடிக்கடி ‘காலி வீடு அதிகம்’ பட்டியல்ல போடுவாங்க. குளிருக்குத் தப்பி வடக்க இருந்து வர்றவங்க வச்சிருக்கிற சீசன் வீடெல்லாம் காலி கணக்குல சேருது. ஒரு சர்வேல ‘என் நிரந்தர வீடு வேற ஊர்ல இருக்கு, ரெண்டு மாசத்துக்குள்ள கிளம்பிருவேன்’னு சொன்னா, வீட்டுக்குள்ள ஆள் உட்கார்ந்திருந்தாலும் அது காலி வீடுதான்.

சேகர்: எல்லாம் சரி. அப்ப காலியே இல்லைங்கிறீங்களா? போன தடவை வந்தப்ப நானே பார்த்தேன். ராத்திரி எட்டு மணிக்கு எதிர் டவர்ல பாதி மாடி இருட்டு.

கார்த்தி: இருக்குப்பா, நான் இல்லைன்னே சொல்லல. நிறைய பேரு குடிபோக வாங்கல, விலை ஏறும்னு வாங்கிப் போட்டிருக்காங்க. வாடகைக்கு விட்டா போட்ட காசுக்கு வட்டிகூடத் தேறாது, குடிவந்தவன் காலி பண்ணாட்டி கோர்ட்டுக்கு அலையணும்னு பயம். அதான் பூட்டு. கடைசியா சொன்ன வாடகை, கோர்ட்டு காரணம் ரெண்டும் இருக்கலாம்னு அதே அறிக்கையே சொல்லுது. பட்டியல் போட்டவங்க அந்தப் பக்கத்தைத் தொடவே இல்ல. எனக்கு அதுதான் ஆத்திரமா இருக்கு.

உஷா: 2011-லயே நம்ம நாட்டு நகரங்கள்ல மட்டும் 1.11 கோடி வீடு காலின்னு படிச்சேன். 2012-ல சர்க்காரே நகரங்கள்ல 1.88 கோடி வீடு பத்தலைன்னு சொல்லுச்சு. மனசு பொறுக்கலைண்ணே. எந்த ஊர் முதலிடம்னு தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப்போகுது?

மல்லிகா: 1961-ல நகரத்துல நூத்துக்கு 54 குடும்பம் வாடகை வீட்டுல இருந்துச்சு, 2011-ல 28தான். சொந்த வீடு கூடினது நல்லதுதான். ஆனா வேலைக்கு ஊர் மாறுற பிள்ளைங்க எங்க தங்கும்?

சேகர்: இன்னொரு பேப்பர்ல ‘விற்காத பிளாட்’ கணக்கு ஒண்ணு போட்டிருந்தான். அதுவும் இதுதானா?

கார்த்தி: இல்லப்பா, அது பில்டர் கையில விற்காம இருக்கிறது. இன்னும் கட்டி முடியாததும் அதுல சேரும். நீங்க பார்த்த இருட்டு மாடியெல்லாம் வித்தாச்சு, அதனால அது அந்தக் கணக்குலயே வராது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறாங்க.

சேகர்: சரிப்பா. அப்ப வாங்குறதுக்கு முன்னாடி எதைத்தான் பார்க்கிறது?

கார்த்தி: ஊரை விட்டுட்டு அந்தக் கட்டடத்தைப் பார்ப்போம். ‘கட்டடத்துல குடிபோகலாம்’னு தர்ற சான்றிதழ் வாங்கிட்டாங்களா, எத்தனை வீட்டுல ஆள் இருக்கு, கரண்ட் மீட்டர் எத்தனை ஓடுதுன்னு.

மல்லிகா: பூட்டிக்கிடக்கிற வீட்டுக்காரங்க மெயின்டெனன்ஸ் ஒழுங்கா கட்டுறாங்களான்னும் அசோசியேஷன்ல கேளு கார்த்தி. கட்டலைன்னா லிஃப்ட்டுக்கும் தண்ணி லாரிக்கும் நீங்கதான் சேர்த்து அழணும்.

கார்த்தி: ஆமா சித்தி, அது பெரிய விஷயம். ஞாயித்துக்கிழமை செக்ரட்டரியைப் பார்க்கப் போறேன்.

சேகர்: அன்னைக்கு எனக்கு வீடியோ கால் போடு. மீட்டர் பெட்டியை நான் பார்க்கணும்.